முக்கால் டாக்டர் சொன்ன யோசனை

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. அக்காவின் கணவர் ஒருநாள் வாய்க்கு வந்தபடி 'முக்கால் டாக்டர்' என்று கூப்பிட்டார், அது பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது. மருத்துவக் கல்லூரிக்கு மூன்று முறை விண்ணப்பித்து, மூன்று முறையும் வாசல் வரை போய்த் திரும்பியவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவது என்பது அத்தானின் கட்சி. நாளடைவில் டாக்டரும் கழன்று வெறும் முக்கால் ஆனாள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்ள வேண்டுமானால் கொஞ்ச நேரமாவது ஓர் இடத்தில் நிற்க வேண்டுமே.

அவள் நிற்க மாட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள். சாத்திய ஜன்னலைத் திறக்க மறுபடி எழுவாள். உட்கார்ந்தால் வலது கால் தானாக ஆடும், மேஜை மேலிருக்கிற டம்ளரெல்லாம் கூடவே ஆடும். "குட்டி போட்ட பூனை மாதிரி ஏன்டி அலையறே, ஒரு வாய் நிதானமா சாப்பிடேன்" என்று அக்கா தினமும் தொண்டை கிழியக் கத்துவாள். ஆஸ்பத்திரியில் மட்டும் கதை வேறு. அங்கே அவளுக்கு ரத்தம் எடுக்கும் வேலை. காலையில் தள்ளுவண்டியோடு வார்டு வார்டாகப் போய், கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து ஊசியை இறக்கினாளானால் இமைகூட அசையாது. டியூப் நிரம்பியதும் கால் கிளம்பிவிடும்.

மாலையில், அக்கா வீட்டு மாடி அறையில், மருத்துவக் கல்லூரி இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பாள். தோற்றவளிடம் யோசனை கேட்க எந்த மடையன் வருவான் என்று அத்தான் சிரித்தார். வந்தார்கள். எந்தக் கேள்வியில் எப்படி வழுக்கும் என்பது வழுக்கி விழுந்தவளுக்குத்தானே அத்துப்படி! அவளிடம் வந்தவர்களில் பலர் உள்ளே நுழைந்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு வார்டில் எதிரே வந்து, "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று விசாரித்துவிட்டு, யாருக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். கூடவே வயிறும் எரியும்.

"சேவை செய்யவே பிறந்தேன்னு மட்டும் சொல்லித் தொலைக்காதீங்க" என்பாள். "கேட்டுக் கேட்டு அவங்களுக்குக் காது புளிச்சுப் போச்சு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, மென்னு முழுங்காதீங்க. காலை ஆட்டாதீங்க." இதைச் சொல்லும்போது அவள் கால் ஆடும், அறையே சிரிக்கும். "ஏன் டாக்டராகணும்னு கண்டிப்பா கேட்பாங்க. உங்களுக்கு நடந்த ஒண்ணைச் சொல்லுங்க. சின்னதா இருந்தாலும் பரவாயில்லை, நிஜமா இருக்கணும்."

இந்த வருடம் அவளும் விண்ணப்பித்திருந்தாள். அது அக்காவுக்கும் அத்தானுக்கும் மட்டுமே தெரியும். அடுத்த பிறந்தநாள் வந்துவிட்டால் வயது வரம்பு தாண்டிவிடும், அதன் பிறகு கதவு மூடியது மூடியதுதான். ஆனால் இந்தத் தடவை அவளிடம் ஒரு விஷயம் இருந்தது. முன்பெல்லாம் அவளும் சேவை, சேவை என்று உளறியவள்தான். இப்போது சொல்வதற்கு நிஜமாகவே ஒன்று இருந்தது. அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

போன வருடம் ஜன்னலோரக் கட்டிலில் ஒரு தையல்காரம்மா இருந்தார். தினமும் கையை நீட்டும்போதே, "என் ரத்தத்தை வித்து வீடு கட்டறியா, ஒரு ரூம் எனக்கும் ஒதுக்கிடு" என்பார். ஒருநாள் அவருடைய பரிசோதனை முடிவு வந்தது. லேபில் இருந்த முக்கால் அதைப் பார்த்துவிட்டாள். நல்ல சேதி இல்லை. ஆனால் சொல்வது அவள் வேலை இல்லை. டாக்டர்தான் சொல்ல வேண்டும், அதுதான் சட்டம். காலையில் போனதும் அந்த அம்மா, "வந்துருச்சா?" என்று கேட்டார். "தெரியாதும்மா, டாக்டர் சொல்வாரு" என்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உன் மூஞ்சிதான் சொல்லுதே" என்றார் அந்த அம்மா. அன்றைக்கு டாக்டர் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. தரை துடைக்க வந்தவரிடமெல்லாம் அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அது முக்காலின் காதுக்கும் வந்தது. மனிதர்களுக்கு முன்னால் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, சொல்ல வேண்டியதைச் சொல்கிற உரிமை தனக்கு வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. அதற்கு டாக்டராக வேண்டும்.

அதை அவள் ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னாள். பயிற்சிக்கு வந்தவர்களில் சுருட்டை முடிக்காரி ஒருத்தி. எதைச் சொன்னாலும் மறுநாள் ஒப்பிப்பாள், அப்படி ஒரு மண்டை. சனி ஞாயிறுகளில் ஆஸ்பத்திரியில் தொண்டராக சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு மாலை அவள் கண் கலங்கி, "எனக்கு எதுவுமே நடக்கலைக்கா. படிச்சேன், தூங்கினேன், மறுபடி படிச்சேன். எதைச் சொல்றது?" என்றாள். முக்காலுக்குப் பரிதாபமாகிவிட்டது. உதாரணத்துக்கு என்று ஆரம்பித்தவள் தையல்காரம்மா கதையை முழுவதும் கொட்டிவிட்டாள். சுருட்டை வாயைப் பிளந்து கேட்டாள். அடுத்த வாரம், "எனக்கு ஒண்ணு கிடைச்சிருச்சுக்கா" என்றாள். சொல்லிக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும். முக்காலுக்குத் தன் இன்டர்வியூ கவலையில் அதற்கெல்லாம் பொறுமை எங்கே?

இன்டர்வியூ நாளன்று கல்லூரி நடைபாதையில் சுவரோரமாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எல்லார் முகத்திலும் ஈயாடவில்லை. முக்கால் உட்காரவே இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கும் அறிவிப்புப் பலகைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். சுருட்டை பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "அக்கா! எங்களுக்குத் தைரியம் சொல்லவா வந்தீங்க?"

"ம்... ஆமா, அதுக்கும்தான்" என்று மழுப்பினாள் முக்கால். பிள்ளைகளுக்கு மென்று விழுங்காதே என்று சொல்கிறவள்!

சுருட்டையை முதலில் கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "பிரமாதம்க்கா! தையல்காரம்மா கதையைச் சொன்னேன். எனக்கே நடந்த மாதிரி. அந்த அம்மாவோட டெஸ்ட் முடிவு உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டாங்க. ஃபைலை எடுத்துப் பார்த்தேன்னு சொன்னேன். யார் காட்டினாங்கன்னு கேட்டாங்க, நானேதான் எடுத்தேன்னு சொன்னேன். மூணு பேரும் எழுதிக்கிட்டே இருந்தாங்க!"

முக்கால் பொத்தி வைத்திருந்த ஒரே கதை போய்விட்டது. அது முதல் இடி. இரண்டாவது இடி அதைவிடப் பெரியது: நாற்காலி தள்ள வந்த ஒரு பெண், நோயாளியின் ஃபைலை யாருக்கும் தெரியாமல் எடுத்துப் படித்ததாகத் தன் வாயாலேயே சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பாராட்டியா எழுதியிருப்பார்கள்? லேபில் வேலை செய்கிறவளுக்கு அந்த முடிவு தெரியலாம். சுருட்டைக்குத் தெரிய வழியே இல்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் இந்தப் பொய்.

ஆத்திரம் பொங்கியது. அடிக்கலாம்போல வந்தது. அடுத்த நொடியே மனம் கணக்குப் போட ஆரம்பித்தது, அதையும் மறைப்பதற்கில்லை. உள்ளே போய் அதே கதையை ஒரு நூல் பிசகாமல் சொன்னால் யாருடையது என்று தெரிந்துவிடும். இவள் திருடி ஆவாள், தனக்கு இடம் கிடைக்கும். இல்லையென்றால், நல்லா சொல்லியிருக்கேம்மா என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிடலாம். முடிவு வரும்போது அவளுக்கே தெரியட்டும்.

"ஏன்க்கா பேச மாட்டேங்கறீங்க? உங்க மூஞ்சியே சரியில்லையே" என்றாள் சுருட்டை.

அப்போதுதான் முக்காலுக்கு உறைத்தது. அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

ஒரு நாற்காலியை இழுத்தாள். சுருட்டையை உட்கார வைத்து, எதிரே தானும் உட்கார்ந்தாள். "நான் சொல்றது உனக்குப் பிடிக்காது. ஆனா முழுசாக் கேளு. அவங்க நெகிழ்ந்து எழுதலை. நோயாளியோட ஃபைலைத் திருட்டுத்தனமாப் பார்த்தவள்னு எழுதியிருப்பாங்க. இந்தத் தொழில்ல அது பெரிய தப்பு."

சுருட்டையின் முகம் வெளுத்தது. "நான் பார்க்கவே இல்லையேக்கா! நான் சும்மா..."

"தெரியும். பார்க்கலை. அடுத்தவ கதையை உன் கதைன்னு சொன்னே."

அந்த நேரம் பார்த்துக் கதவருகே இருந்த ஊழியர் அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். முக்காலின் எண். அவள் கையை உயர்த்தினாள், எழவில்லை. சுருட்டை திகைத்துப் போனாள். "நீங்களுமா? ஐயோ, அப்போ அந்தக் கதை..."

"வர்றீங்களா, வரலைன்னு போடட்டுமா?" என்றார் ஊழியர். "ரெண்டு தடவை கூப்பிடற வழக்கமில்லைம்மா."

முக்காலின் உடம்பு கதவை நோக்கித் துடித்தது. எத்தனை வருடக் கதவு! ஆனால் பாதி சொல்லிவிட்டு ஓடுவது, சொல்லாமல் இருப்பதைவிட மோசம். "சார், இவகிட்ட ஒரு வார்த்தை பாக்கி இருக்கு" என்றவள், சுருட்டையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் மேல எனக்குக் கோபம் இருக்கு. தப்புல எனக்கும் பங்கு இருக்கு, நீ எதைச் சொல்லப்போறேன்னு நான் கேட்கவே இல்லை. இப்ப உள்ள போய் நிஜத்தைச் சொன்னா இந்த வருஷம் சீட்டு போகலாம். சொல்லலைன்னாலும் போகும்னுதான் நினைக்கிறேன். ஆனா பார்க்காத ஃபைலைப் பார்த்தவள்ங்கிற பேர் உனக்கு வேண்டாம். அவ்வளவுதான்."

ஊழியர் பேனாவைத் திறந்துவிட்டார். சுருட்டை எழுந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அவரைத் தாண்டிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஊழியர் "ஏம்மா, ஏம்மா" என்று பின்னாலேயே ஓடினார். கதவு சாத்திக்கொண்டது. முக்கால் நடக்க ஆரம்பித்தாள், தொட்டிக்கும் பலகைக்குமாக.

சுருட்டை வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. "எல்லாம் சொல்லிட்டேன். கதை உங்களோடதுன்னும் சொல்லிட்டேன்" என்றாள். பிறகு அழுகையும் சிரிப்புமாக, "எனக்கு எதுவுமே நடக்கலைன்னு இனிமே சொல்ல முடியாதுக்கா" என்றாள்.

அந்த அமளியில் வரவில்லை என்று போட மறந்திருந்த ஊழியர் கதவைப் பிடித்துக்கொள்ள, முக்கால் உள்ளே போனாள். நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் நரைமுடி டாக்டரம்மா, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி மேலும் கீழும் பார்த்தார். "தையல்காரம்மா கதை உங்களோடதாமே. ஏற்கெனவே ரெண்டு தடவை கேட்டாச்சு, மூணாவது தடவை வேண்டாம். ஏன் டாக்டராகணும்? வேற ஏதாவது இருக்கா சொல்ல?"

"இருக்கு மேடம்" என்றாள் முக்கால். "இப்பதான், வெளிய நடந்துச்சு."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். முக்கால் சொல்லத் தொடங்கினாள், கணக்குப் போட்டதையும் விடாமல். சொல்லி முடிக்கும்வரை கால் ஆடவில்லை.

முடிவு ஒட்டுகிற அன்று அவள் கல்லூரிப் பக்கமே போகவில்லை. லீவும் போடவில்லை. வார்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு, தேவையே இல்லாத வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள். போன் அடித்தது. சுருட்டை.

"அக்கா, பலகைக்கு முன்னாடிதான் நிக்கிறேன். ரெண்டு சேதி. கெட்டதை முதல்ல சொல்லிடறேன். என் பேர் இல்லை."

"சரியாப் பார்த்தியா?"

"நல்லாப் பார்த்துட்டேன், இல்லை. அழுதும் முடிச்சாச்சு. அடுத்த வருஷம் மறுபடி போடப்போறேன். இப்ப உங்களது. நடந்துக்கிட்டே கேட்காதீங்க, முதல்ல உட்காருங்க."

முக்கால் சுற்றிலும் பார்த்தாள். சுவரோரம் ஒரு பெஞ்சு இருந்தது. வண்டியைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"உட்கார்ந்தாச்சா?"

"ம்."

"இருக்குக்கா. உங்க பேர் இருக்கு."

பக்கத்தில் கண்ணாடி டியூப்கள் கிணுகிணுவென்று சத்தம் போட்டன. எதிர்க் கட்டில்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை, ஆடுகிற அவள் கால் வண்டிச் சக்கரத்தில் இடித்துக்கொண்டிருந்தது.