படம் வேண்டாம், எழுத்து போதும்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரவுசரும் உருப்படியாக வேலை செய்ததில்லை. கம்ப்யூட்டரோடு வந்தது, பக்கத்தைப் பாதி திறந்துவிட்டுச் சண்டி மாடு மாதிரி படுத்துவிடும். மற்ற நாளில் நாலு திட்டு திட்டி அணைத்துவிடுவேன். அன்றைக்கு அப்படி முடியவில்லை.

அண்ணன் வளைகுடாவில் கட்டட வேலையில் இருந்தான். காலைச் செய்தியில், அவன் இருந்த ஊரில் தொழிலாளர்கள் தங்கும் இடத்தில் தீ என்றார்கள். தமிழர்களும் உண்டாம். பெயர் எதுவும் சொல்லாமல் விளம்பரத்துக்குப் போய்விட்டார்கள், பாவிகள். அவன் அறையில் போன் கிடையாது. வெளியே போய்த்தான் பேசுவான், இல்லாவிட்டால் மெயில் போடுவான். நெட்டைப் போட்டு உட்கார்ந்தேன்.

மெயில் பக்கம் வெள்ளையாகவே நின்றது.

"இன்னாடி சொல்லுது?" என்றாள் பின்னால் நின்ற அம்மா.

"ஒண்ணும் சொல்லலம்மா. சுத்திக்கினே கீது."

"எங்கிட்ட எதுனா மறைக்கிறியா?"

"ஐயோ, கம்முனு இரும்மா!"

அதற்குள் தெருவில் செய்தி பரவி, பெண்கள் சிலர் வந்து வாசலில் உட்காரப் போனார்கள். அம்மா பாய்ந்து போனாள்.

"உக்காராதீங்கடி! கும்பலா உக்காந்தா இழவு வூடு ஆயிடும். நிக்கிறதுன்னா நில்லுங்க, இல்லாட்டி போய்க்கினே இருங்க."

அவர்கள் நின்றார்கள். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

கம்ப்யூட்டர் வாங்கிய உத்திரமேரூர் கடையில் கொடுத்த சி.டி. ஒன்று கிடந்தது. அதில் வேறு பிரவுசர்கள் இருந்தன. விட்டால் மறுபடி லைன் கிடைக்காது என்று நெட்டை அணைக்காமலே ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒன்று, உன் கம்ப்யூட்டர் பழசு என்று உள்ளே வரவே மறுத்தது. இன்னொன்று கல்யாண வீட்டுச் சீரியல் லைட் மாதிரி மினுக்கிவிட்டு, மெயில் பக்கம் வந்ததும் செத்துப்போனது. அந்த வார்த்தை மனசில் வந்ததற்கே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கடைசியில் ஒரு சின்னப் பிரவுசர். பார்க்க லட்சணமே இல்லை. ஆனால் படமே வேண்டாம் என்று சொல்ல அதில் ஒரு பட்டன் இருந்தது. அமுக்கினேன். விளம்பரம் எல்லாம் தொலைந்து, வெறும் எழுத்து மட்டும் விறுவிறுவென்று இறங்கியது. அவசரத்தில் பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாக அடித்தேன். உள்ளே போனதும் அண்ணன் பெயர்தான் முதலில் தெரிந்தது, அன்றைய தேதியோடு. உரக்கப் படித்தேன்.

"பாப்பா, தீ எங்க பக்கம் இல்ல. நான் நல்லா கீறேன். அத சொல்லத்தான் காலையிலேர்ந்து போன் போட்டுக்கினே கீறேன். எங்கேஜ்டு எங்கேஜ்டுன்னே வருது. இவ்ளோ நேரம் யாராருக்கு போன் பண்ணிக்கினு கீறீங்க? அம்மாவுக்கு இன்னா ஆச்சு? மறைக்காத, சொல்லு."

நெட்டுக்கும் போனுக்கும் ஒரே ஒயர். நெட் ஓடுகிற வரை யார் கூப்பிட்டாலும் எங்கள் போன் அடிக்காது. ஒயரைப் பிடுங்கிப் போனில் செருகினேன். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. அம்மா எடுத்தாள்.

அந்தப் பக்கம் அவன் ஓவென்று அழுதது வாசலில் நின்றவர்கள் வரைக்கும் கேட்டது.

"அழாதடா நைனா," என்றாள் அம்மா. "நான் உசுரோடதான் கீறேன்."