தொட்டிக்குள் போன போர்வை

மைசூரில் எங்கள் வீட்டுக்குக் கேபிள் டிவி வந்த வருஷம் அது. மறுநாள் காலேஜில் மருமகள் ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். அது பிடித்தால்தான் வேலை. முதலில் எங்களுக்கு எடுத்துப் பார்க்கிறேன் என்று என்னையும் என் வீட்டுக்காரரையும் கொல்லைப்புறத்தில் உட்கார வைத்தாள். எனக்கு எழுத்து வாசனையே கிடையாது. அவரோ தசரா ஊர்வலத்தில் யானை பக்கத்தில் வரும்போதே தூங்கியவர்.

பூமியின் மேல் ஓடு பெரிய பெரிய பாளங்களாக இருக்கிறதாம். கடலுக்கடியில் ஒன்று இன்னொன்றுக்குக் கீழே புகுந்து உள்ளே இறங்குகிறதாம். அதற்குள் அவருக்குத் தலை தொங்கிவிட்டது. அதைப் பார்த்து அவள் முகமும் தொங்கியது.

"யாரு பிடிச்சுத் தள்றாங்க?" என்றேன்.

அவள் கொடியிலிருந்த கனத்த போர்வையைத் தண்ணீர்த் தொட்டிச் சுவர்மேல் போட்டு, ஒரு முனையை மட்டும் உள்ளே விட்டாள். முனை நனைந்து கனத்தது. மீதியையும் சரசரவென்று இழுத்துக்கொண்டு போனது.

"பாருங்க அத்தை, யாரும் தள்ள வேணாம். கடலடிப் பாளம் வயசாக வயசாக ஆறி கனமாயிடும். முங்கின முனையே மிச்சத்தையும் இழுத்துக்கும்."

"உங்க மாமா கல்யாணப் பந்திக்கு முதல்ல ஓடி, நம்ம எல்லாரையும் பின்னால இழுப்பாரே, அப்படியா?"

"அப்படியேதான்!"

அவர் விழித்துக்கொண்டார். "ஹௌதா, அப்படியா? உள்ள போனது அப்புறம் எங்க போகும்?"

"இன்னும் ஆழமா, மாமா. கோடிக்கணக்கான வருஷம் இறங்கிட்டே இருக்கும்."

"அதுவரைக்கும் நான் இங்கயே உக்காரணுமா?"

"வேணாம், எழுந்திருங்க," என்று அவரை விரட்டிவிட்டு மருமகளிடம் சொன்னேன்: "நாளைக்குக் கட்டற சேலைய இஸ்திரி போடும்மா. இவரையே கேள்வி கேக்க வெச்சுட்ட!"