குரங்கு இழுத்துப் பார்த்த பூட்டு

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்துக்குச் சாப்பிட வராத மிருகம் யானை ஒன்றுதான். அதுவும் சந்து குறுகல் என்பதால் முனை வரைக்கும் வந்து திரும்பிவிட்டது. சரி, யானை வரவேயில்லை. சந்து குறுகல் என்பது மட்டும் நிஜம். ஆனால் வந்தவர்களே போதும், என் கொழுந்தனின் மானத்தைக் கப்பலேற்ற.

கொழுந்தன் பூட்டு ரிப்பேர்க்காரர். மாடிப்படிக்கு அடியில் கடை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். முப்பது வருஷம் குனிந்தே உட்கார்ந்ததில், தெருவில் நடக்கும்போதும் ஏதோ சாவித் துவாரத்தைத் தேடுகிறவர் மாதிரிதான் நடப்பார். மனிதர்களிடம் அதிகம் பேச்சு கிடையாது. பூட்டிடம் பேசுவார். காதோடு வைத்துக் கம்பியை விட்டு, "என்னம்மா, எங்க வலிக்குது?" என்பார். அதுவும் வாய் திறந்து சொல்லிவிடும்.

ஊரார் கதவையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு திறப்பவர், தன் வீட்டுச் சாவியை வாரத்துக்கு ஒருமுறை தொலைப்பார். அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் அவருடைய சாவி இல்லாப் பூட்டு. கொண்டியைத் தூக்க வேண்டும், இடப்பக்கம் தள்ள வேண்டும், அடியிலுள்ள குமிழை அழுத்த வேண்டும். வரிசை மாறினால் அசையாது. வேண்டியவர்களுக்கு வேண்டியபடி வரிசையை மாற்றியும் தருவார். ஆறு வருஷம் அரத்தால் ராவி ராவிச் செய்தது. ஆயுசு முழுக்க அடுத்தவன் செய்த பூட்டையே நோண்டியவருக்கு, தான் செய்த ஒன்று யார் வீட்டுக் கதவிலாவது தொங்குவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஒருவரும் வாங்கவில்லை. "சாவி இல்லேன்னா அது என்னய்யா பூட்டு?" என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

இதற்கிடையில் அவர் மனைவி, அதாவது என் ஓர்ப்படி, குருவிகளுக்கென்று கொய்யா மரத்தில் ஒரு தகரப் பெட்டியைத் தொங்கவிட்டாள். மேலே தானியம் கொட்டி மூடினால் அடித்தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக விழும். குருவி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அணில் வந்தது. மூடியைத் தள்ளிவிட்டு உள்ளேயே குடியேறியது. சிந்தியதைப் பொறுக்கப் பெருச்சாளி வந்தது. பெருச்சாளியை விசாரிக்கக் கீரி வந்தது.

"ஏங்க, ஊருக்கெல்லாம் பூட்டு பாக்கறீங்க, இந்தப் பெட்டிக்கு ஒண்ணு மாட்டக் கூடாதா?" என்றாள் ஓர்ப்படி.

சாவி இல்லாப் பூட்டை மாட்டினார். அணில் மூன்று நாள் மூடிமேல் உட்கார்ந்து அவரை வாயில் வந்தபடி திட்டியது. பெருச்சாளி ஒரு பல்லை இழந்தது. கொழுந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து, பெண்கள் விடுதி வார்டன் அம்மாவிடமிருந்து ஆள் வந்தது. விடுதியில் தினமும் யாராவது சாவியைத் தொலைக்கிறார்களாம். சனிக்கிழமை காலை வந்து பூட்டைப் பார்ப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

"அண்ணி, இந்தப் பெட்டியையே காட்டிடறேன். அணிலால முடியலன்னா யாரால முடியும்?"

"காட்டுங்க தம்பி. அணில்கிட்ட ஒரு கையெழுத்தும் வாங்கி வெச்சுக்கங்க."

பேசிப் பழக்கமில்லாத மனுஷன் அல்லவா, ஒத்திகை தொடங்கினார். வாரம் முழுக்கக் காலையும் மாலையும் பெட்டிமுன் நின்று, விடுதிக்கே கேட்கிற குரலில், "முதல்ல தூக்கணும்! அப்புறம் தள்ளணும்! கடைசியா அழுத்தணும்!" பிறகு மூடிப் பூட்டிவிட்டு, வெடுக் வெடுக்கென்று இரண்டு இழுப்பு. பூட்டினால் இழுத்துப் பார்க்காமல் அவர் கை நகராது.

தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு குரங்கு உட்கார்ந்து, தாடையைச் சொறிந்தபடி ஒருநாள் தவறாமல் பார்த்துக்கொண்டிருந்தது. "பாவம், தனிக்கட்டை போல" என்று ஓர்ப்படி வாழைப்பழம் வேறு வீசினாள்.

சனிக்கிழமை வார்டன் அம்மா வந்தார். கொழுந்தன் தொண்டையைச் செருமிக்கொள்வதற்குள் குரங்கு இறங்கிவிட்டது. தூக்கியது. தள்ளியது. அழுத்தியது. இரண்டு கன்னத்திலும் தானியத்தை அடைத்துக்கொண்டது. கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை. ஆறு வருஷ உழைப்பை அது ஆறு நொடியில் தின்றுவிட்டது. குரங்கு கையில் பூமாலை கொடுத்திருந்தால்கூட இவ்வளவு நாசம் வந்திருக்காது.

வாயைத் துடைத்துக்கொண்ட குரங்கு, மூடியைச் சாத்தியது. கொண்டியைப் போட்டது. வெடுக் வெடுக்கென்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தது. திருப்தியோடு ஏறிப் போனது.

வார்டன் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது நீங்க வளர்க்கிறதா?"

"இல்லீங்க. நான்தான் ஒரு வாரமா அது கண்ணு முன்னாடி நின்னு சத்தம் போட்டுப் பாடம் நடத்தியிருக்கேன். எனக்கு அது புத்தியில படல." பொய் சொல்லத் தெரியாத மனுஷன். நானாயிருந்தால் சர்க்கஸ் குரங்கு என்றிருப்பேன்.

"ஒரே வாரத்துலயா? பதினெட்டு வருஷமாச் சொல்றேங்க, கதவைப் பூட்டிட்டு இழுத்துப் பாருங்கடின்னு. ஒருத்தி கேட்டதில்ல. இந்தப் பழக்கம் பூட்டோட வருதா, உங்களோட வருதா?"

"என்னோடதாங்க."

"அப்ப நீங்களே வந்து மாட்டுங்க. புள்ளைங்களுக்குச் சொல்லியும் குடுங்க."

விடுதியின் நாற்பது அறைக்கும் பூட்டு வேண்டும் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கொழுந்தன் முழு உயரத்துக்கு நிமிர்ந்தார். கொய்யாக் கிளை மண்டையில் இடித்தது. தொட்டிமேலிருந்து குரங்கு கை தட்டியது.

இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன். ஓர்ப்படி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"நாற்பதா அக்கா? நாலு. அதுவும் சமையலறை அலமாரிக்கு. 'வாயைத் திறக்காம திறந்து காட்டக் கத்துக்கிட்டு வாங்க, மத்ததை அப்புறம் பாக்கலாம்'னுட்டுப் போனாங்க. அந்த நாலுக்கே இந்த மனுஷன் அங்க நின்னு கண் கலங்கினார், அதை விட்டுட்டீங்க. அப்புறம், கை தட்டினது குரங்கு இல்ல. நீங்க."