மாசி மகத்துக்கு ஊறப்போட்ட நெல்

எனக்கு எண்பத்து நான்கு வயது நடக்கிறது. பெற்றது எட்டு, வளர்த்து ஆளாக்கியது ஆறு. யாரிடமும் கை நீட்டாமல் வளர்த்தேன். எழுத்து எனக்குப் பாதிதான் வரும். மளிகைப் பொட்டலம் கட்டி வருகிற காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டது. ஆகையால் மெதுவாகத்தான் எழுதுகிறேன். எனக்கு அவசரமும் ஒன்றும் இல்லை.

வேலைவெட்டி இல்லாமல், சந்தோஷத்துக்கென்று நான் வெளியூர் போனது என் ஆயுசில் ஒரே தடவை. அதைத்தான் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் திண்டிவனத்தில் இருந்தோம். இரண்டாவது உலகச் சண்டைக்கு ரொம்ப முன்னால். என் வீட்டுக்காரர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில்லில் மூட்டை தைக்கிறவர். தை, மாசியில் அந்த மில் ராப்பகலாக ஓடும். எங்கள் தெருவில் உலர்த்துகிற துணியில்கூட மல்லாட்டைத் தோல் ஒட்டிக்கொண்டு வரும். அந்த வருஷம் விலை விழுந்துவிட்டது. சீமையில் வாங்க ஆள் இல்லை என்றார்கள். பிடுங்குகிற கூலிக்கே கட்டாது என்று கொல்லையிலேயே விட்டுவிட்டவர்களும் உண்டு. மில்லுக்காரர் சீசன் நடுவிலேயே, “ஒரு மாசம் போவட்டும், சொல்லி அனுப்பறேன்” என்று கதவைச் சாத்திவிட்டார்.

ஆண்பிள்ளை வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தால் வீடு சின்னதாகிவிடும். ஒரு வாரம் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு காலையில் சொன்னார்:

“சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கு விழுப்புரத்துல அக்கா வூட்டுக்குப் போய் இருந்துட்டு வர்லாம் வா. மாசி மகத்துக்கு எல்லாரும் பாண்டிச்சேரி கடலுக்குப் போறாங்களாம். நம்மையும் கூப்டுது.”

“எனக்கும் சேத்தா கூப்ட்டாங்க?”

“உன்ன உட்டுட்டு வான்னா சொல்லும்? நீதான் கடலயே பாத்ததில்லயே.”

நான் பார்த்ததில்லை. அதுவரைக்கும் நான் வெளியூர் போனதெல்லாம் ஒன்று கல்யாணம், இல்லாவிட்டால் சாவு. இரண்டுக்கும் போனால் அடுப்படிதான். ஒரு இடத்தைப் பார்க்கிறதுக்கென்றே ரயில் ஏறிப் போவது எங்களைப் போன்றவர்கள் செய்கிற காரியமா என்று நினைத்தேன். நினைத்தாலும் ஆசை வந்துவிட்டது. ரயில் சத்தத்துக்கு, டிக்கெட் காசுக்கு, வளர்த்த கோழிகளை விற்றேன். வழியில் வாங்கித் தின்னக் கூடாது என்று கேப்பை அடை தட்டிக் கட்டிக்கொண்டேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு பை மல்லாட்டையைப் பதமாக வறுத்து எடுத்துக்கொண்டேன். மூத்தது பெண், ஐந்து வயது. அடுத்தது பையன், நாலு முடியவில்லை. அவனுக்கு ரயிலில் ஏறியதும் பேச்சே வரவில்லை. என் புடவையை வாயில் வைத்துக்கொண்டு விழுப்புரம் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

என் நாத்தனார் என் வீட்டுக்காரரைவிட ரொம்பப் பெரியவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் புருஷன் ரயில்வேயில் மாசச் சம்பளக்காரர். விலை விழுந்தால் எங்களுக்கு அடுப்பு அணையும், மாசச் சம்பளக்காரர் வீட்டில் அடுக்களை நிரம்பும். அதை நான் அங்கே போய்த்தான் கண்ணால் பார்த்தேன். கூடம் ஓரமாகக் கூரை தொடும் அளவுக்கு நெல் மூட்டை. வளவனூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனதாம்.

அண்ணி என் பையைப் பிரித்துப் பார்த்தார்.

“மல்லாட்டையா? அய்ய, இத இன்னாத்துக்குத் தூக்கிக்கினு வந்த? ஊருல நாயி கூட மோந்து பாக்க மாட்டேங்குது.”

பிள்ளைகளின் தலையைத் தடவினார். என் வீட்டுக்காரருக்குக் காப்பி கொடுத்தார். காப்பி அப்போது எல்லா வீட்டிலும் கிடையாது. எனக்கு, “கை கால் கழுவிக்கினு வா, ஒலக்கை பின்னால இருக்குது” என்றார். ஏதோ விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். விளையாட்டு இல்லை.

அடுத்த நாளிலிருந்து விடியும்போது நான் உரலண்டை நின்றேன். குத்துவது, புடைப்பது, நொய்யைத் தனியாக, தவிட்டைத் தனியாக எடுப்பது. பிறகு பாத்திரம். பிறகு சமையல். வேலை செய்வதற்கு நான் பயந்தவள் இல்லை. நான் குத்தினால் அரிசி உடையாது என்று எங்கள் தெருவில் பேர் உண்டு. கடல் பார்க்கத்தானே வந்திருக்கிறோம், மகம் வரைக்கும் போகட்டும் என்று இருந்தேன்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, பின்பக்க வேலிக்கு வெளியே ஒருத்தி வந்து நின்றாள். என்னைவிடக் கொஞ்சம் பெரியவள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. நான் குத்துவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீதான் புதுசா சேந்தவளா?” என்றாள்.

“சேந்தவ இல்லக்கா. நான் இந்தம்மா தம்பி பொண்டாட்டி. விருந்தாடி வந்திருக்கறேன்.”

“விருந்தாடி ஒலக்கை புடிக்கிற வூட்ட இப்பத்தாம்மா பாக்கறேன்.”

எனக்குச் சுருக்கென்றது. “எங்க நாத்தனா வூட்ல நான் குத்துவேன். உனக்கு இன்னா?” என்று கேட்டேன்.

“எனக்கு இன்னாவா? இந்த வூட்டு நெல்ல நாந்தான் குத்துவேன். நொய்யும் தவுடும் எனக்குக் கூலி. நொய்யில கஞ்சி வைப்பேன். தவுட்ட மாட்டுக்காரங்களுக்குக் குடுத்து மோரு வாங்குவேன். ‘எந் தம்பி பொண்டாட்டி வர்றா, அவ போற வரைக்கும் வராத’ன்னுட்டாங்க. நீ எப்பம்மா போவ?”

இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பஸ் எப்போது வரும் என்று கேட்கிற மாதிரி கேட்டாள். உலக்கையை நிறுத்திவிட்டு நின்றேன். அவள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நடந்து போய்விட்டாள்.

அன்றைக்குச் சோறு போடும்போது அண்ணியிடம் கேட்டேன்.

“அண்ணி, நெல்லு குத்தற அம்மாள நிறுத்திட்டீங்களாமே?”

“ஆமா, வர்றவ சும்மா குந்திக்கினு திம்பாளா? நாலு வயிறு வந்திருக்குது. எங்கயாவது மிச்சம் புடிக்க வேணாமா?”

என் வீட்டுக்காரர் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பிறகு கிணற்றடியில் வைத்து அவரைக் கேட்டேன். “அக்கா வூட்டு வேல செஞ்சா கை தேஞ்சிடுமா? கடலப் பாக்கணுமா வேணாமா?” என்றார்.

பார்க்க வேண்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டேன். அண்ணி மட்டும் தினமும் கடலைப் பற்றிப் பேசுவார். ஊர் ஊராகச் சாமிகள் கரைக்கு வருமாம், அலை வந்து காலைப் பிடித்து இழுக்குமாம், கையைக் கோத்துக்கொண்டுதான் முழுக வேண்டுமாம். என் மகள் என்னிடம் வந்து, “நாம கை கோத்துக்கலாம்மா” என்று சொல்லிப் பழகிப் பார்ப்பாள்.

மகத்துக்கு முந்தின நாள் சாயந்தரம் பெரிய அண்டாவை மூடியிருந்த தட்டைத் தற்செயலாக எடுத்துப் பார்த்தேன். உள்ளே நெல். தொட்டுப் பார்த்தேன். நன்றாக ஊறி உப்பியிருந்தது.

புழுங்கல் அரிசி சாப்பிடுகிற வீட்டில் பிறந்த பெண்ணுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். நெல்லை ஊறப்போட்டால் அது நமக்காகக் காத்திருக்காது. ஊறி முடிந்ததும் அவித்தாக வேண்டும். அவித்தால் அன்றைய வெயிலிலேயே கொட்டி, காலால் கிளறிக் கிளறிக் காயவைத்தாக வேண்டும். ஒரு நாள் தள்ளினால் வாடை வந்துவிடும். அந்த அரிசியில் சோறு வடித்தால் நாலு வீடு தள்ளி இருக்கிறவர்கள்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு, என்ன நாற்றம் என்று கேட்பார்கள். ஆகையால் கோயில், கல்யாணம் என்று எதற்காவது போவதாக இருந்தால் எந்தப் பொம்பளையும் அதற்கு முன்னால் நெல்லை நனைக்க மாட்டாள். நனைத்தால், வீட்டில் ஒருத்தி தங்கப்போகிறாள் என்று அர்த்தம்.

“அண்ணி, இன்னா இது? விடிஞ்சா மகம். நெல்லு ஊறிக் கெடக்குது?”

அண்ணி வாயில் கையை வைத்துக்கொண்டார். “அய்யய்யோ, மறந்தே போயிட்டேன் பாரு! இப்ப இன்னா பண்றது? ஒரு அண்டா நெல்லும் பாழாப் பூடுமே.”

அத்தனை மூட்டையை எண்ணி வாங்கிப் போட்டவர், ஊறப்போட்ட நாளை மறப்பாரா? என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர், “நீ இருந்து பாத்துக்கோ. அடுத்த வருசம் போலாம்” என்றார். தங்கலாமா என்று கேட்கக்கூட இல்லை. ரயில் சத்தமும் ஒரு ஆளுக்கு மிச்சம் என்றார் அண்ணியின் புருஷன்.

எனக்கு அழுகை வரவில்லை. அவர்கள் முன்னால் வராது. பிள்ளைகளாவது பார்க்கட்டும் என்று காலையில் இரண்டு பேருக்கும் தலை சீவி அனுப்பினேன். மகன் வாசலில் நின்றுகொண்டு, “அம்மா வா” என்று புடவையைப் பிடித்தான். அண்ணி அவன் கையைப் பிரித்துத் தன் கையில் பிடித்துக்கொண்டு போனார்.

அந்தப் பகல் முழுக்க நான் அவித்தேன், கொட்டினேன், காக்காயை ஓட்டினேன், காலால் கிளறினேன். ஈர நெல்லின் ஆவி முகத்தில் அடித்தது. தெருவே காலியாக இருந்தது. தெருவிலிருந்த கிழவி ஒருத்தி எட்டிப் பார்த்து, “நீ போவலயாடி?” என்று கேட்டாள். அதற்குள் எனக்கு ஒன்று தீர்மானமாகிவிட்டது.

பொழுது சாய்கிற நேரத்தில் வந்தார்கள். அதே ரயிலில் போன தெருக்காரர்களும் கூட வந்தார்கள். எல்லாருக்கும் தலை ஈரம், காலில் மணல். அண்ணி ஒரு சொம்பை நீட்டினார்.

“உனக்கும் கடல் தண்ணி கொண்டாந்துருக்கறேன். தலையில தெளிச்சிக்கோ, புண்ணியம்.”

சொம்பை வாங்கிப் படியில் வைத்தேன். வாசலை விட்டு நகரவில்லை.

“அண்ணி, கூலி குடுத்துட்டு உள்ள போங்க.”

“இன்னா கூலி?”

“வந்த நாள்லருந்து நெல்லு குத்துன கூலி. இன்னிக்கி அவிச்ச கூலி. அந்தம்மாவுக்கு இன்னா குடுப்பீங்களோ அது.”

தெருவில் நடந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அண்ணிக்கு முகம் கறுத்தது.

“டேய் தம்பி, உம் பொண்டாட்டி பேசறதக் கேட்டியாடா? விருந்துக்கு வந்துட்டு கூலி கேக்கறா!”

“விருந்துக்குத்தான் கூலி கெடையாது. நான் இங்க விருந்து சாப்டலயே அண்ணி.”

என் வீட்டுக்காரர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அண்ணியின் புருஷன் நடுவில் வந்து, “உள்ள வாங்க, மானம் போவுது” என்று முணுமுணுத்துவிட்டு, அவரே போய் ஒரு துணியில் நொய்யைக் கொட்டிக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். நான் குனிந்து எடுத்துக்கொண்டேன்.

விடிந்ததும் மூட்டையோடு ரயில் பாதையைத் தாண்டிப் போனேன். அவள் குடிசை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

“இந்தாக்கா. இது உன்னுது. வாங்கிட்டேன்” என்றேன்.

அவள் தொடவில்லை. ஊர்ப் பேச்சு அதற்குள் அங்கே வந்து சேர்ந்திருந்தது.

“எம் பேர எதுக்கும்மா அங்க இழுத்த?”

“உனக்காகத்தான கேட்டேன்.”

“நான் கேக்கச் சொன்னனா? நீ போனாக்கா என்னக் கூப்பிட்டுருப்பாங்க. நான் பாட்டுக்குக் குத்திக்கினு இருந்துருப்பேன். இனிமே அந்த வூட்டுப் படி எனக்குத் தொறக்குமா? தெருவுல வேற யாரு கூப்புடுவாங்க, கூலிக்கு வாசல்ல நின்னு சண்ட போடறவன்னு? நீ ரயிலேறிப் பூடுவ. எடுத்துக்கினு போம்மா.”

துடைப்பத்தை மூலையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கைக்குழந்தை வாசலில் உட்கார்ந்து மூட்டையையே பார்த்தது. வைத்துவிட்டு வரலாம் என்று குனிந்தேன். உள்ளேயிருந்து, “வெச்சிட்டுப் போனா நாய்க்குத்தான் கொட்டுவேன்” என்று குரல் வந்தது.

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அன்றைக்கே திண்டிவனம் வந்துவிட்டேன். வீட்டுக்காரர் அங்கேயே தங்கிப் பிறகு வந்தார். வெகுநாள் என்னோடு பேசவில்லை. அந்த நொய்யைத்தான் கஞ்சி காய்ச்சினோம். பிள்ளைகள் குடித்தார்கள். எனக்கு இறங்கவில்லை. அண்ணி வீட்டுப் படியை அதற்குப் பிறகு நான் மிதிக்கவில்லை, அவர் செத்தபோதுகூட. அந்த நெல் குத்துகிறவளுக்கு வேறு வீடு கிடைத்ததா என்று விசாரிக்க எனக்கு வழி இருந்தது. விசாரிக்கவில்லை.

பிறகு என் பிள்ளைகள் கையில் நாலு காசு பார்த்தபோது, வாம்மா கடலுக்கு என்று எத்தனையோ தரம் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. இன்றைக்கும் பார்த்ததில்லை. பார்க்க முடியாமல் இல்லை.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதினேன் என்றால், போன பொங்கலுக்கு எல்லாரும் கூடியிருந்தபோது என் மகன் பழைய கதை சொன்னான். நாலு முடியாத வயதில் முதல் முதலாகக் கடலைப் பார்த்தானாம். அலை வந்ததாம், பயந்தானாம். “அம்மா எங் கையக் கெட்டியாப் புடிச்சிக்கினு இருந்தாங்க. உடவே இல்ல” என்றான். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. என் மகளும் கூடத்தான் இருந்தாள். அவளுக்குத் தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

இந்தா பாப்பா, இங்கே வா. கண்ணாடியை எடுத்துக் கொடு. என் எழுத்து கோணலாக இருக்கும், கூட்டிப் படி, விட்டுவிட்டுப் படிக்காதே. கொஞ்சம் இரு, அந்தக் கடல் கதை சொன்ன உங்க அப்பன் குளித்துவிட்டு வரட்டும். அவன் வந்து உட்கார்ந்ததும் முதல் வரியிலிருந்து சத்தமாகப் படி.