சாப்பிட்டு வந்தால் நீலத்திரை

பல் மருத்துவமனை வரவேற்பில் இருந்தவளுக்கு எதையும் துருவிப் பார்க்காவிட்டால் தலை வெடித்துவிடும். ஒரு வாரமாகத் தினமும் அவள் மதியம் சாப்பிட்டு வந்து மவுஸைத் தொட்டதும் கம்ப்யூட்டர் பிழை என்று நீலத்திரை காட்டிப் படுத்துக்கொண்டது.

“நீங்க சாப்பிடறது அதுக்குப் பிடிக்கல போலம்மா,” என்றார் டாக்டர்.

மறுநாள் அவள் மவுஸை அசைத்துக்கொண்டே மேசையில் சாப்பிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. அதற்கடுத்த நாள், சிறிது நேரம் தொடாவிட்டால் தானே தூங்கிவிடும் கம்ப்யூட்டரை வேண்டுமென்றே ஸ்லீப்பில் போட்டு எழுப்பினாள், உடனே நீலத்திரை. தூங்கி எழும்போதுதான் சிக்கல் என்று பிடிபட்டதும் பிழைப் பதிவுகளைத் தோண்டினாள். எல்லாவற்றிலும் திரையை இயக்கும் டிரைவர் மென்பொருளின் பெயரே இருந்தது. போன வாரம்தான் அது தானாகவே புதிய பதிப்புக்கு மாறியிருந்தது. பழைய டிரைவரையே திரும்பப் போட்டு, தூங்கவைத்து எழுப்பியபோது நோயாளிகள் பட்டியல் அப்படியே வந்து நின்றது.

“சரியாயிடுச்சா?”

“ஆயிடுச்சு டாக்டர். ஆனா புதுசுல என்ன கோளாறுன்னுதான் இன்னும் தெரியல,” என்றவள் மறுபடி திரைப்பக்கம் திரும்பினாள்.