அம்மாவின் பிடரியில் பட்ட கை

அந்த ஜப்பான் சிப்பாய் அன்று அம்மாவின் கழுத்தில் கை வைத்தது அடிக்கவா, நிமிர்த்தவா? பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்தான். இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் இந்தக் கேள்வி மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. ஒன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் கழுத்து வலிக்கிறது என்று அழுதாள். புத்தகத்தின்மேல் கவிழ்ந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே படிக்கிற பிள்ளை. சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே மிஸ்ஸி (நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) அவளைச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்தார். ஒரு கையைப் பிடரியிலும் இரண்டு விரலை முகவாயிலும் வைத்து, தலையை மெல்லப் பின்னுக்குத் தள்ளினார்.

"தெனம் காலையில இப்படிச் செய்யணும்லா. விட்டுட்டா கோணலாவே நின்னுரும்."

பிள்ளை கூச்சத்தில் சிரித்துக்கொண்டு நின்றாள். கூட வந்திருந்த என் அம்மா மட்டும் எழுந்து வெளியே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து, தடவக் கொடுத்த தைலத்தைத் திறந்தேன். மூக்கைத் துளைக்கிற நெடி. எனக்கோ செம்பனை எண்ணெய் வாசம்தான் நினைவுக்கு வந்தது. இரண்டுக்கும் ஒரு ஒற்றுமையும் கிடையாது; ஆனால் என் மூக்கு எப்போது நான் சொன்னதைக் கேட்டது? யுத்தத்தில் ஜப்பான்காரன் வந்து ஆண்ட காலத்தில் கோலா சாவா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். விளக்கெரிக்க, சமைக்க, தலையில் தேய்க்க, சுளுக்குக்குப் பூச எல்லாவற்றுக்கும் அந்தச் சிவப்பு எண்ணெய்தான். சட்டை, தலையணை, பாடப்புத்தகம் எல்லாம் அதே வாசம். அப்போது எனக்கு ஒன்பது வயதிருக்கும். பத்தாகவும் இருக்கலாம்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் பாடத்துக்கு முன்னால் தேகப்பயிற்சி. வாத்தியார் சிரம்பானுக்குப் போய்ச் சில நாள் ஜப்பான் மொழியும் பயிற்சியும் கற்று வந்திருந்தார். அவருக்கே லேசான கூன். அவர்தான் எங்களை நிமிர்த்தவேண்டும். "இச்சி, நீ, சான், சீ" என்று எண்ணியபடி கையைத் தூக்கிக் காட்டுவார். முதல் நாள் அவர் "நீ" என்றதும் முன்வரிசையில் நின்ற பொன்னம்மா கையை இறக்கிவிட்டு, "நானா சார்?" என்றாள்.

"நீ இல்லடி. நீன்னா ரெண்டு!"

"ரெண்டு பேருமா சார்?"

மறுபடி தொடங்கி "சீ" வரைக்கும் வந்தார். பொன்னம்மா அழுதேவிட்டாள், தன்னைத்தான் திட்டுகிறார் என்று. சீ என்றால் நான்கு என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது.

வணங்கவும் கற்றுக்கொடுத்தார். "ரெய்" என்றால் இடுப்பை வளைக்கவேண்டும். கழுத்து மட்டும் வளையக் கூடாது. "நவோரே" என்றால் நிமிர்ந்து பழையபடி நிற்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் கழுத்தை நேராக வை என்பார்கள். வீட்டிலோ அம்மா, "சிப்பாய் வந்தா தலைய நிமித்தாத" என்பார். எந்த இடத்துக்கு எந்தக் கழுத்து என்று எனக்கு ஒரே குழப்பம். கல்யாணமாகிப் படம் பிடிக்கப் போனபோதுகூடப் படக்காரர், "கொஞ்சம் நிமிந்து பாருங்கம்மா" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். பால்மரம் (ரப்பர்) வெட்டும் வேலை பெரும்பாலும் நின்றுபோன பிறகு, அம்மா மரவள்ளி நட்டு, கிழங்கு மூட்டையைத் தலையில் சுமந்து ரந்தாவ் கடைத்தெருவுக்குப் போய், உப்புக்கு மாற்றிக்கொண்டு வருவார். ஒருநாள் கழுத்து பிடித்துக்கொண்டது. தலை இடது தோள் பக்கம் சாய்ந்தது சாய்ந்ததுதான். எண்ணெய் தடவியும் விடவில்லை. வீட்டில் உப்பும் இல்லை. வழியில் பாலத்தில் காவல் இருந்தது. சரியாக வணங்காதவர்களைச் சிப்பாய் அறைவான் என்று எல்லாருக்கும் தெரியும். கோணிய தலையோடு எப்படி வணங்குவது?

பக்கத்து வீட்டுக் காமாட்சியக்காவுக்கு எதுவும் கேலிதான். "என்னாடி, தலைய இப்படிச் சாச்சிக்கிட்டுப் போற? கண்ணடிக்கிறேன்னு நெனச்சிக்கப் போறான் அந்தச் சிப்பாய்!"

"நெனச்சா நெனைக்கட்டும். உப்பில்லாத கெழங்க நீயா திம்பே?" என்ற அம்மா, என் பக்கம் திரும்பினார். கழுத்து திரும்பாததால் உடம்போடு திரும்பினார். "நீயும் வா. அவன் பேசறது ஒனக்குத்தான் வெளங்கும்."

பாலத்தில் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு அம்மா இடுப்பை வளைத்தார். தலை சாய்ந்தபடியே இருந்தது. சிப்பாய் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, "நவோரே" என்றான். அம்மாவின் காதில் அது "நவுரு" என்று விழுந்திருக்கிறது. விலகிப் போகச் சொல்கிறான் என்று நினைத்துக் குனிந்தபடியே நகர்ந்தார். நிமிரச் சொன்னவனுக்கு முன்னால் ஒருத்தி குனிந்தே நடந்தால் அவன் என்ன நினைப்பான்? கத்தினான். பாலத்தில் போனவர்கள் சுற்றி நின்றுவிட்டார்கள்.

"அம்மா, நிமிரும்மா! நிமிரச் சொல்றான்!"

"நவுருன்னுதானடி சொன்னான்?"

அதற்குள் வந்துவிட்டான். ஒரு கை பிடரியில், ஒரு கை முகவாயில். சொடக்கென்று ஒரு சத்தம் எனக்குக் கேட்டது. அவன் கையை எடுத்தபோது தலை நேராக நின்றது. ஏதோ சொன்னான், வாத்தியார் கற்றுக்கொடுக்காத வார்த்தை. போகலாம் என்று கைகாட்டினான். அவன் முகத்தில் கோபம் இருந்ததாக நினைவு. சிரித்ததாகவும் நினைவு.

பாலத்தைத் தாண்டியதும், "வலிக்குதாம்மா?" என்றேன்.

"இல்ல. வலி போயிடுச்சி. நட."

சாயங்காலம் காமாட்சியக்கா ஆச்சரியப்பட்டார். "யாருடி சுளுக்கெடுத்தது?"

"வழியில ஒருத்தன்."

அவ்வளவுதான் அம்மா சொன்னது. சில நாளில் மறுபடி மூட்டை சுமந்தார். அப்படியானால் வலி உண்மையாகவே போயிருக்கவேண்டும். ஆனால் அன்றிலிருந்து யாரும் தன் பிடரியைத் தொட அவர் விட்டதில்லை. கொண்டையில் பூ வைக்கக்கூட. அப்படியானால் போனது என்ன, போகாதது என்ன?

இப்போது தினமும் காலையில் மகளைச் சுவரோரம் நிற்கவைக்கிறேன். அம்மா குறுக்கே வந்து நிற்கிறார்.

"புள்ள கழுத்துல கைய வைக்காத."

"அவ நல்லதுக்குத்தாம்மா."

"அவனும் அப்படித்தான் நெனச்சிருப்பான்."

அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து என் கையும் பாதியில் நின்றுவிடுகிறது. அழுத்துகிறேனா, தாங்குகிறேனா என்று எனக்கே சந்தேகம்.

வேறு யாரிடமாவது கேட்கலாம் என்றால், யாரும் இல்லை. பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். காவல் கொட்டகை நின்ற இடத்தில் லாலாங் புல். வாத்தியார் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார். காமாட்சியக்கா எந்தத் தோட்டத்துக்குப் போனார் என்று தெரியவில்லை. அன்றைக்குச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தவர்களின் முகம் ஒன்றுகூட என்னிடம் மிச்சமில்லை.

மகளின் தலை இந்த வாரம் இன்னும் கொஞ்சம் சாய்ந்திருப்பதுபோல் படுகிறது. மிஸ்ஸி சொன்ன பயிற்சியைக் கைவிடவும் பயம். அம்மாவை மீறவும் மனமில்லை. உங்களில் யாருக்காவது, கை படாமல் ஒரு பிள்ளையின் கழுத்தை நிமிர்த்தும் வழி தெரிந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.