பின்பக்கம் எடுக்காத அறுபத்து நாலு தாள்கள்: கடலூர் வழியாகக் காடாம்புலியூர்

முன்னோர் பெயரை இணையத்தில் கண்டுபிடித்துவிட்டு, அசல் ஏட்டைப் பார்க்கக் கிளம்பும் ஆட்கள் எனக்கு அடிக்கடி மின்னஞ்சல் போடுகிறீர்கள். எந்த பஸ், எத்தனை மணிநேரம், எவ்வளவு செலவு என்று கேட்கிறீர்கள். எல்லாம் சொல்கிறேன். ஆனால் போன மாதம், 2012 பிப்ரவரியில், நானே அப்படி ஒரு பயணம் போய்விட்டு வந்தேன். அதையும் சேர்த்தே கேளுங்கள்.

நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் வரலாறு எடுக்கிறவன். என் கல்லூரித் தோழன் பீட்டருக்குக் காடாம்புலியூர் பக்கம் முந்திரித் தோப்பு. அவன் தாத்தா அந்த ஊர்க் கோயிலில் உபதேசியாராக இருந்தவர். சாமியார் வராத நாட்களில் செபம் நடத்துவதும், ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளைப் பதிவதும் அவர் வேலை. அவர் கைப்பட எழுதிய நோட்டு ஒன்று பீட்டர் வீட்டு பீரோவில் இருந்தது. குடும்பத்துக்கு ஒரு தாள், மொத்தம் அறுபத்து நாலு தாள்.

2008 மே விடுமுறையில் மூன்று நாள் அங்கேயே தங்கி அதைப் படம் எடுத்தேன். என்னிடம் இருந்தது 512 எம்.பி. கார்டு, பாட்டரி வேறு மணிக்கொருதரம் படுத்துக்கொண்டது. தாள்களின் பின்பக்கம் பென்சிலில் ஏதோ பொடி எழுத்து. என் அட்டவணையில் ஆறு கட்டம்: பெயர், தகப்பன், தாய், பிறந்த நாள், ஞானஸ்நான நாள், ஊர். பென்சில் கிறுக்கலுக்குக் கட்டமில்லை. அதனால் முன்பக்கம் மட்டும் எடுத்தேன். கிளம்பும்போது பீட்டரின் அம்மாவிடம், "இனி இதைத் தொடவே வேணாம்மா. எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சி" என்று பெருமையாகச் சொன்னேன். இந்த வாய்க்குப் பூட்டுப் போட்டிருக்க வேண்டும்.

அடுத்த வருடமே தளம் தயாராகிவிட்டது. பெயரைத் தட்டினால் தாளின் படம் வரும். எங்கெங்கிருந்தோ பாராட்டுகள், எனக்குத் தலைகால் புரியவில்லை.

2011 டிசம்பர் தொடக்கத்தில் மலேசியாவின் ஈப்போவிலிருந்து எஸ்தர் என்பவர் எழுதினார். அறுபது வயது, ஓய்வு பெற்ற நர்ஸ். அவருடைய அம்மா ரோசம்மாளுக்கு எண்பத்தைந்து. கல்யாணமாகிக் கப்பல் ஏறியவர். தம்பி சவரிமுத்துவும் பிறகு எங்கோ கப்பல் ஏறினாராம். அக்கா ரப்பர்த் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறியதில் கடிதம் நின்றுபோய், தம்பி எந்த நாட்டுக்குப் போனார் என்பதே தெரியாமல் போயிற்று. சாவதற்குள் அது தெரிய வேண்டும் என்பதுதான் அந்த அம்மாவின் ஆசை. "சவரிமுத்து பெயருக்குப் பக்கத்தில் 'பின்' என்று எழுதியிருக்கிறதே, பின்பக்கத்தை அனுப்புவீர்களா?" என்று கேட்டிருந்தார் எஸ்தர்.

எடுக்கவில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். கௌரவம் விடவில்லை. "நேரில் வாருங்கள், அசலையே காட்டுகிறேன்" என்று எழுதினேன். அவரும் டிக்கெட் போட்டுவிட்டார். மாதக் கடைசியில் 'தானே' என்ற புயல் வந்தது. ஜனவரி முழுக்கப் பீட்டரின் போன் கிடைக்கவில்லை. ஒருமுறை கிடைத்தபோது, "வூடு நிக்குது மச்சான். நீ வா, நேர்ல பேசிக்கலாம்" என்றான். வீடு நின்றால் பீரோவும் நிற்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை கிளம்பினேன். முந்தின நாளே அந்தத் தாளின் படத்தை பிரவுசிங் சென்டரில் அச்செடுக்கப் போய், கரண்ட் இல்லாமல் இரண்டு மணிநேரம் உட்கார்ந்தேன் (ஒரு பக்கம் ஐந்து ரூபாய்). சிதம்பரத்திலிருந்து நேராகப் போகிறவர்கள் புவனகிரி வழியாக வடலூர் போய்விடலாம். எஸ்தர் கடலூரில் தங்கியிருந்ததால் நான் காலை ஆறரைக்குக் கடலூர் பஸ் பிடித்தேன். 45 கிலோமீட்டர், ஒன்றேகால் மணிநேரம், இருபத்திரண்டு ரூபாய்.

கடலூர் பஸ் நிலையத்தில் எஸ்தர் எனக்கு முன்பே வந்து நின்றார். கையில் ஒரு நோட்டு, இரண்டு பேனா. "ஒண்ணு எழுதலன்னா இன்னொண்ணு இருக்கட்டும் சார்" என்று சிரித்தார். குறிஞ்சிப்பாடி வழியாக வடலூருக்குப் பதினேழு ரூபாய், அங்கே மாறிக் காடாம்புலியூருக்கு ஏழு ரூபாய். மாறுகிற நேரத்தையும் சேர்த்து இரண்டு மணிநேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

வடலூர் தாண்டியதும் முந்திரி மரங்கள் வேரோடு படுத்துக் கிடந்தன. இறங்கி ஆட்டோ பிடித்தோம். மூன்று கிலோமீட்டருக்கு அறுபது ரூபாய். "பாத்துக்குங்க சார், பலா ஒண்ணு நிக்கல. நட்டு வளத்து எடுக்க இன்னொரு தலமொற ஆவும்" என்றார் ஓட்டுநர். எஸ்தர் வெளிப்பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பீட்டரின் அம்மா அச்செடுத்த தாளை வாங்கிப் பார்த்ததும், "ரோசம்மா பொண்ணா நீ! எங்க மாமனாரு எழுத்துதான் இது" என்று எஸ்தரின் கன்னத்தைத் தடவினார். 'பின்' என்றால் என்ன என்று எஸ்தர் கேட்டார்.

"அது அவுரு வழக்கம்மா. வெளிநாடு போனவுங்க காயிதம் போட்டா, படிக்கத் தெரியாதவுங்க இவுருகிட்ட தான் தூக்கினு வருவாங்க. படிச்சிச் சொல்லிட்டு, எந்த நாடு, எந்த அட்ரஸுன்னு பென்சில்ல பின்னால குறிச்சி வெச்சிக்குவாரு."

"நோட்டு எங்கம்மா?" என்றேன்.

பீட்டர் என்னை ஏறிட்டுப் பார்த்தான். "எம் பொண்ணு கல்யாணப் பொடவை வெக்க பீரோவுல எடமில்லன்னு, அதை முந்திரிக்கொட்டை ஷெட்ல போட்டிருந்தோம் மச்சான். நீதான் தொடவே வேணான்னியே. புயல்ல ஷெட்டு கூரை போயி, நோட்டு நனைஞ்சிட்டுது."

"நனைஞ்சா காய வைக்கலாமேடா!"

"நாலு நாளு வெயில்ல வெச்சேன் தம்பி" என்றார் அம்மா. "பென்சில் எழுத்து அழியலப்பா. பேனா எழுத்துதான் கலைஞ்சிப் போச்சி."

பீட்டர் தலையைக் குனிந்துகொண்டான். "நான்தான் சொன்னேன். கம்ப்யூட்டர்ல ஏத்தினதுக்கு எதுக்கும்மா இந்த அவதின்னு. நனைஞ்ச பாயி, துணியோட சேத்துக் கொளுத்திட்டேன் மச்சான். உன்கிட்டதான் இருக்குல்ல?"

பின்பக்கம் என்னிடம் இல்லை என்பதை எஸ்தர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். இரண்டு பேனாவையும் பைக்குள் போட்டார். ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

திரும்பும்போது வடலூர் பஸ் நிலையத்தில் அவர் ஈப்போவுக்குப் போன் போட்டார். "நோட்டு புயல்ல போயிடுச்சும்மா. யார் என்ன செய்ய முடியும்?" என்றார். நான் பக்கத்திலேயே டீ டம்ளரோடு நின்றேன். பழி புயல் மேல் போவதைக் கேட்டுக்கொண்டு கல் மாதிரி நின்றேன்.

இப்போது உங்களுக்கு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், இருந்தாலும் சொல்கிறேன். இரண்டு கார்டு எடுத்துப் போங்கள், பாட்டரி நாலு ஜோடி. வெறும் தாளாக இருந்தாலும் பின்பக்கத்தை எடுங்கள். அட்டையை, செருகி வைத்த துண்டுச் சீட்டை எடுங்கள். அட்டவணையை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போகாதீர்கள், ஏட்டைப் பார்த்த பிறகு போடுங்கள். எதை எடுக்கவில்லை என்பதைத் தளத்தில் எழுதி வையுங்கள். இணையத்தில் தேடுகிறவர்கள், படம் இருக்கிறது என்பதால் முழுசும் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். எல்லாவற்றையும்விட, வீட்டாரிடம் "ஏத்தியாச்சு" என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். "இன்னும் பத்திரமா வையுங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். நேற்று எஸ்தரிடம் கேட்டுக்கொண்டு, ரோசம்மாளுக்கு நானே போன் செய்தேன். புயல் இல்லைம்மா, நான்தான், பின்பக்கத்தைப் படம் எடுக்காமல் விட்டேன் என்று சொன்னேன். எண்பத்தைந்து வயதுக் குரல், கடல் தாண்டியும் எங்கள் ஊர்ப் பேச்சு மாறவில்லை.

"எங்க தாளு மட்டும் எடுக்காம வுட்டுட்டியாப்பா?" என்றார்.

"இல்லம்மா. எதையுமே எடுக்கல. அறுபத்து நாலு தாளும்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அய்யோ, அப்ப என் தம்பி மட்டும் இல்லியா?" என்றார். "அத்தன குடும்பத்துப் புள்ளைங்களுமா?"